தலைக்கு எத்தனை பவுண்?
இங்கிலாந்தில் தொழிற்கல்விக்கான அரச நிதி கணிக்கப்படும் முறையும் அதன் வர்க்க அடிப்படையும்

1

கல்வி பற்றிய நமது விவாதங்கள் பெரும்பாலும் பாடத்திட்டம், போதனாமொழி, பல்கலைக்கழக அனுமதி என்பனவற்றைச் சுற்றியே நிகழ்ந்து வந்துள்ளன. கல்விக்கு அரசு கொடுக்கும் பணம் எவ்வாறு கணிக்கப்படுகிறது என்ற வினா, கணக்காளருக்கும் திறைசேரி அதிகாரிகளுக்கும் உரியதென ஒதுக்கப்பட்டு விடுகிறது. இலக்கிய மாணவனொருவன் அதுபற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கவுங்கூடும். ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில இலக்கியத்தைப் பயில்வோர் இவ்வினாவைத் தவிர்த்துச் செல்லுதல் இயலாது. கவிஞரும் திறனாய்வாளருமான மத்தியூ ஆர்னல்ட் 1851 முதல் 1886 வரை பாடசாலைப் பரிசோதகராகவே ஊதியம் பெற்றார். பிள்ளைகளின் வாசிப்பைச் சோதித்து, அதன்படி பாடசாலைக்கு எவ்வளவு பணம் சேரவேண்டும் என்பதற்குச் சான்றளிப்பது அவரது அன்றாடத் தொழிலின் ஒரு பகுதியாயிருந்தது. பண்பாடு பற்றிய அவரது சிந்தனைகளை விதந்துரைக்கும் நாம், அவர் கையிலிருந்த அந்தப் படிவத்தைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்தப் படிவம் பற்றியும் அதன் வழிவந்த ஏனைய படிவங்கள் பற்றியுமே இக்கட்டுரை பேச முயல்கிறது. சிறப்பாக, தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளைகள் பெரும்பான்மையாகச் சென்று சேரும் தொழிற்கல்விக்கு இங்கிலாந்தில் அரச நிதி எந்த அலகினைக் கொண்டு கணிக்கப்பட்டு வந்துள்ளது என்பதே இங்கு ஆராயப்படுகிறது. சான்றிதழ், சித்தி, வருகை, மணித்தியாலம், தலை என அலகு மாறிமாறி வந்துள்ளது. ஒவ்வொரு மாற்றமும் வெறும் கணக்கியற் சீர்திருத்தமாகவே அறிமுகப்படுத்தப்பட்டது. உண்மையில் ஒவ்வொன்றும், எது கற்பிக்கப்படும், யாருக்குக் கற்பிக்கப்படும், பயிற்சி தோல்வியுறின் இழப்பை யார் தாங்குவர் என்பனவற்றை மாற்றியமைத்தது.

2

இங்கிலாந்தில் பாடசாலைகளுக்கு அரசு பணம் கொடுக்கத் தொடங்கியதும், தொழிற்சாலைப் பிள்ளையின் படிப்பைக் காகிதத்திற் சான்றுபடுத்தத் தொடங்கியதும் ஒரே ஆண்டில், 1833 இல், நிகழ்ந்தன. அவ்வாண்டிற் பாராளுமன்றம் பாடசாலைக் கட்டடங்களுக்கென 20,000 பவுண் ஒதுக்கியது. அவ்வாண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் வேலைசெய்யும் சிறுபிள்ளைகள் நாளொன்றுக்கு இரண்டு மணித்தியாலம் கல்வி பெற்றதற்கான சான்றிதழை வேண்டிநின்றது. விளைவு என்ன? சான்றிதழ் வழங்குவதே சிலருக்குப் பிழைப்பாயிற்று. எழுதப் படிக்கத் தெரியாத 'ஆசிரியர்கள்' சான்றிதழிற் புள்ளடியிட்டுக் கையொப்பமாக்கினர். 1844 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியர் தம் கைப்பட நிரப்பிக் கையொப்பமிட வேண்டுமென விதிக்க நேர்ந்தமைக்கு இதுவே காரணமாகும். தொழிற்சாலைப் பரிசோதகர்களின் அறிக்கைகளிலிருந்து இச்செய்திகளைத் தொகுத்து மார்க்ஸ் 'மூலதன'த்தில் எடுத்துக்காட்டியுள்ளார். கல்வி நடைபெறாமலே கல்விக்கான சான்று உற்பத்தியாகலாம் என்ற உண்மை ஆரம்பத்திலேயே வெளிப்பட்டுவிட்டமை மனங்கொள்ளத்தக்கது.

1862 இல் நடைமுறைக்கு வந்த 'திருத்திய ஒழுங்குக்கோவை'யே அலகுமுறைக்கு முழுவடிவம் கொடுத்தது. அதனை வகுத்தவர் அப்போது கல்விக்குப் பொறுப்பாயிருந்த றொபேட் லோ. கணிப்பு முறை பின்வருமாறு அமைந்தது. சராசரி வருகையின்படி பிள்ளையொன்றுக்கு 4 சிலிங் வழங்கப்படும். ஆறு வயதுக்கு மேற்பட்டு, ஆண்டில் 200 தடவைக்கு மேல் வருகை தந்த பிள்ளைக்கு மேலும் 8 சிலிங் உண்டு. ஆயின் அப்பிள்ளை பரிசோதகர் முன் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றிலும் சித்தியடைதல் வேண்டும். தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஏழைப்பிள்ளை ஒன்றின் அறிவு இவ்வாறு மூன்று சம கூறுகளாக்கப்பட்டு விலை குறிக்கப்பட்டது.

லோ பாராளுமன்றத்திற் கூறிய நியாயம் பெயர்பெற்றது. தமது முறை மலிவானதாக அமையாவிடின் திறமையானதாக அமையும், திறமையானதாக அமையாவிடின் மலிவானதாக அமையும் என்பதே அதன் சாரம். மலிவாக அமைந்தது என்பதிற் சந்தேகமில்லை. 1861 இல் 8 இலட்சத்து 13 ஆயிரம் பவுணாக இருந்த ஆண்டு மானியம் 1865 இல் ஏறத்தாழ 6 இலட்சத்து 37 ஆயிரமாகக் குறைந்தது. திறமையைப் பற்றி ஆர்னல்டும் அவர்போன்ற பிற பரிசோதகர்களும் எழுதியவை வேறு கதையைக் கூறுகின்றன. பிள்ளைகள் வாசிப்பு நூலை மனனஞ்செய்து ஒப்புவித்தனர். வரலாறும் புவியியலும் பணம் ஈட்டாதவையாதலாற் பின்தள்ளப்பட்டன. மானியம் ஆசிரியருக்கு நேரடியாகச் செல்லாது பாடசாலை முகாமையாளருக்குச் சென்றமையால், ஆசிரியரின் ஊதியம் பிள்ளைகளின் சித்தியோடு பிணைக்கப்பட்டது. பரீட்சை நாளன்று பிள்ளை நோயுற்றால் ஆசிரியரின் வீட்டிலே அது தெரிந்தது.

இங்கு ஒரு தவறான கருத்தைத் திருத்திச் செல்லலாம். டிக்கன்ஸின் 'கடினகாலம்' இவ்வொழுங்குக்கோவையை எள்ளி எழுதப்பட்டதென மாணவர் சிலர் எண்ணுவதுண்டு. நாவல் வெளிவந்தது 1854 இல்; ஒழுங்குக்கோவை வந்தது எட்டாண்டுகளின் பின்னர். அளக்கத்தக்கதே அறிவு என்ற கொள்கை நிருவாக விதியாக வடிவம் பெறுமுன்னரே கைத்தொழில் நகரங்களிற் பயன்பாட்டுவாதமாக நடமாடிக் கொண்டிருந்தது. நாவலாசிரியர் அதனைக் கண்டுகொண்டார், அவ்வளவுதான்.

லோவின் முறைக்கு வாதமேதும் இருக்கவில்லை எனக் கூறுதல் வரலாற்றுக்கு நீதி செய்வதாகாது. பாடசாலைகளிற் பெரிய பிள்ளைகளே கவனிக்கப்பட்டு, விரைவில் வேலைக்குச் செல்லவிருக்கும் சிறுபிள்ளைகள் புறக்கணிக்கப்படுகின்றனர் என 1861 இல் வெளியான நியூகாசில் ஆணைக்குழுவின் அறிக்கை குறைகூறியிருந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு விலை உண்டெனின் எந்தப் பிள்ளையும் புறக்கணிக்கப்படாது என்பது எதிர்பார்ப்பு. அந்த விலை எந்த மட்டத்தில் வைக்கப்பட்டது என்பதிலேயே வர்க்கம் வெளிப்பட்டது. கூலியுழைப்புக்கு வேண்டிய குறைந்தபட்ச எழுத்தறிவுக்கே விலை உண்டு. அதற்கப்பால் ஏழைப்பிள்ளை அறிவதற்கு விலை இல்லை. ஆர்னல்ட் இதனைப் பண்பாட்டின் பெயரால் எதிர்த்தார். எதிர்ப்பு உண்மையானது. எனினும் மானியத்தின் உருவத்தைக் கண்டித்த அவர், அம்மானியம் எந்த உழைப்புச் சந்தைக்காக அளக்கப்பட்டது என்ற வினாவை எழுப்பவில்லை.

இங்கிலாந்தில் இம்முறை 1890களிற் படிப்படியாகக் கைவிடப்பட்டது. அதற்கிடையில் அது குடியேற்ற நாடுகளுக்கும் ஏற்றுமதியாகிவிட்டது. இலங்கையில் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதன் பின்னர், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளுக்குப் பெறுபேற்றின்படி பணம் வழங்கும் முறை இங்கும் வந்தது. நமது மிசன் பாடசாலைகளின் வரலாற்றை எழுதுவோர் சமயப்போட்டி பற்றி விரிவாகக் கூறுவர். அப்போட்டி ஒரு கணக்குப் புத்தகத்தின் மேலும் நிகழ்ந்தது என்பது தனியே ஆராயத்தக்கது.

3

ஆரம்பக் கல்விக்கு லோ வகுத்த முறைக்கு மூன்றாண்டுகள் முன்னரே தொழினுட்பக் கல்வியில் அதன் ஒத்திகை நடைபெற்றிருந்தது என்பது பலரும் கவனியாத செய்தி. 1851 ஆம் ஆண்டுப் பெருங் கண்காட்சியின் பின்னர் விஞ்ஞான, கலைத் திணைக்களம் 1853 இல் அமைக்கப்பட்டது. தென் கென்சிங்டனிலிருந்து இயங்கிய இத்திணைக்களம் 1859 முதல் விஞ்ஞான மாலை வகுப்புக்களை நடத்துவோருக்கு, மாணவர் பரீட்சையிற் பெற்ற தரத்துக்கேற்பத் தலைக்குச் சில பவுண் வீதம் வழங்கலாயிற்று. உழைக்கும் வகுப்பினரான மாணவரின் சித்திக்கே பணம் கிடைத்தது. பகல் முழுவதும் பட்டறையில் நின்ற இளைஞன் இரவில் வாயுவிளக்கின் கீழ் இரசாயனம் கற்றான். அவனது விடைத்தாள் இலண்டனுக்குச் சென்றது. திரும்பி வந்த தரம் அவனது ஆசிரியரின் வருமானமாயிற்று. இம்முறையால் நாடெங்கும் வகுப்புக்கள் பெருகின என்பதும், கைவினைஞர் பலர் இதன்வழியே விஞ்ஞானத்தை முதன்முறை எட்டினர் என்பதும் உண்மைகளே. அவர்கள் எட்டிய விஞ்ஞானம் பெரும்பாலும் விடைத்தாளில் எழுதத்தக்க விஞ்ஞானமாய் இருந்தது என்பதும் உண்மை. ஆய்வுகூடம் செலவானது, மனனம் செலவற்றது.

1889 ஆம் ஆண்டின் தொழினுட்பப் போதனைச் சட்டத்தை வாசிக்கும்போது ஒரு வரைவிலக்கணம் நம்மைத் தடுத்து நிறுத்துகிறது. கைத்தொழில்களுக்குப் பயன்படும் விஞ்ஞான, கலைத் தத்துவங்களைக் கற்பிப்பதே தொழினுட்பப் போதனை. எந்தவொரு தொழிலின் செய்முறையையும் கற்பித்தல் அதில் அடங்காது என அச்சட்டம் வெளிப்படையாகவே கூறிற்று. தொழிற்கல்விக்கான சட்டம் தொழிலைக் கற்பிப்பதைத் தவிர்க்கிறது! செய்முறையின் நுணுக்கம் பட்டறையின் இரகசியமாகவே இருக்க வேண்டுமென முதலாளிகள் விரும்பினர். பயிலுநர் முறைக்கு வெளியே தொழில் கற்றவர் பெருகினாற் கூலி விழுந்துவிடும் எனத் தேர்ந்த தொழிலாளர் அஞ்சினர். சட்டத்தின் அவ்வாக்கியம் இவ்விரு அச்சங்களும் சந்தித்த இடமாகும். மூளையுழைப்பையும் கையுழைப்பையும் பிரிக்கும் கோடு இங்கே மானியத்துக்குத் தகுதியுடையதையும் தகுதியற்றதையும் பிரிக்கும் கோடாயிற்று. 1866 இல் ஜெனீவாவிற் கூடிய சர்வதேசத் தொழிலாளர் சங்கத்தின் மாநாட்டுக்கு மார்க்ஸ் எழுதியனுப்பிய அறிவுறுத்தல்கள் இதற்கு நேரெதிரான கருத்தை முன்வைத்தன. மனவளர்ச்சி, உடல்வளர்ச்சி, தொழினுட்பப் பயிற்சி ஆகிய மூன்றும் பிள்ளைக்கு ஒருங்கே கிடைத்தல் வேண்டும் என்பதும், உற்பத்தி முறைகளின் பொதுத் தத்துவங்களை மாத்திரமன்றிக் கருவிகளைக் கையாளுதலையும் அது கற்றல் வேண்டும் என்பதும் அதன் கருத்துக்களாகும்.

அடுத்த ஆண்டு நிகழ்ந்தது ஓர் அங்கதக் கதைபோற் தோன்றும். மதுவரியிற் கிடைத்த மேலதிகப் பணத்தைக் கொண்டு, அனுமதிப்பத்திரம் இழக்கும் மதுக்கடைக்காரருக்கு நட்டஈடு வழங்க அரசு 1890 இல் எண்ணியது. மதுவிலக்கு இயக்கத்தினர் கடுமையாக எதிர்த்தனர். எடுத்த பணத்தைத் திருப்பிவைக்க மனமின்றி, அதனைத் தொழினுட்பக் கல்விக்குப் பயன்படுத்தலாமென மாவட்ட சபைகளிடம் கையளித்தனர். 'விஸ்கிப் பணம்' எனப் பெயர்பெற்ற அத்தொகையே அக்காலத்துத் தொழினுட்பக் கல்லூரிகள் பலவற்றை எழுப்பியது. தேவையைக் கணித்து ஒதுக்கிய பணமன்று அது. வேறோர் இடத்திலிருந்து வழிந்து வந்தது. சித்தியை அலகாகக் கொள்ளாத இப்பணமே கட்டடங்களையும் ஆய்வுகூடங்களையும் தந்தமை சிந்திக்கத்தக்கது.

4

இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியை இங்கு விரைந்து கடக்கலாம். உள்ளூர்க் கல்வி அதிகாரசபைகள் தொழினுட்பக் கல்லூரிகளைப் பராமரித்தன. சென்ற ஆண்டின் செலவே இவ்வாண்டு ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாயிற்று. அம்முறையில் ஒளிவுமறைவும் ஏற்றத்தாழ்வும் நிரம்பவே இருந்தன; ஒரு நகரத்துக் கல்லூரிக்கும் அயல்நகரத்துக் கல்லூரிக்கும் இடையிலான வேறுபாட்டுக்கு வழக்கத்தைத் தவிர வேறு காரணம் காட்ட இயலாதிருந்தது.

முதலாளிகளிடமிருந்து பெறும் பங்கு பற்றியும் ஒரு சொல். பயிற்சிக்குச் செலவிட்ட முதலாளியிடமிருந்து, செலவிடாத முதலாளி தேர்ந்த தொழிலாளியைக் கவர்ந்துகொள்கிறான். ஆகையால் தனித்தனியே நோக்குமிடத்துப் பயிற்சியைத் தவிர்ப்பதே ஒவ்வொரு முதலாளிக்கும் இலாபம். ஆனால் வர்க்கம் என்ற வகையில் அவர்களுக்குப் பயிற்றப்பட்ட உழைப்புச்சக்தி வேண்டும். இம்முரண்பாட்டைத் தீர்க்க 1964 ஆம் ஆண்டுச் சட்டம் துறைதோறும் பயிற்சிச் சபைகளை அமைத்து, ஊதியச் செலவின்மேல் அறவீடு செய்து, பயிற்றுவோருக்கு மானியமாக வழங்கிற்று. 1980களின் தொடக்கத்தில் அச்சபைகளுட் பெரும்பாலானவை கலைக்கப்பட்டன. 2017 இல் அறவீடு மீண்டும் வந்தது. ஆண்டு ஊதியச் செலவு 30 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதில் 0.5 வீதம் செலுத்தி, அப்பணத்தைப் பயிலுநர் பயிற்சிக்கே மீளப்பெறலாம் என அப்போது விதிக்கப்பட்டது. பயிற்சிக் கட்டணத்தில் ஐந்திலொரு பங்கு இறுதிவரை நிறுத்திவைக்கப்பட்டது. லோவின் நிழல் இங்கும் உண்டு. தம் பணத்தைத் தாமே மீட்கத் தலைப்பட்ட நிறுவனங்கள் ஏற்கெனவே பணியிலிருந்த முகாமையாளர்களின் உயர்மட்டக் கற்கைகளையும் 'பயிலுநர் பயிற்சி'யாகப் பதிந்தன. பயிலுநராகச் சேர்ந்தோரின் மொத்த எண்ணிக்கையோ 2017 இன் பின்னர் வீழ்ந்தது.

கல்லூரிகளின் வரலாற்றில் உண்மையான திருப்பம் 1992 ஆம் ஆண்டுச் சட்டமாகும். 1993 ஏப்பிரல் முதல் கல்லூரிகள் உள்ளூர் அதிகாரசபைகளிடமிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்தனிக் கூட்டுத்தாபனங்களாயின. அவற்றுக்கு நிதிவழங்கிய மத்திய சபை, மாணவனின் கல்வியை அனுமதி, கற்றல், அடைவு என மூன்று கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் அலகுகள் வழங்கிற்று. ஆண்டில் மூன்று குறித்த நாள்களில் மாணவன் இன்னும் பதிவிலிருக்கிறானா என எண்ணப்பட்டது. குறைந்த செலவில் அதிக அலகுகளை ஈட்டுமாறு கல்லூரிகள் போட்டியிட வைக்கப்பட்டன. ஏற்கெனவே நிறுவனங்கள் தம் ஊழியருக்கு அளித்துவந்த பயிற்சியை ஒப்பந்தம் மூலம் தமது பதிவேட்டிற் சேர்த்து அலகு பெருக்கிய கல்லூரிகளும் இருந்தன. அதே காலத்தில் விரிவுரையாளரின் பழைய சேவை நிபந்தனைகள் நீக்கப்பட்டு, கற்பிக்கும் நேரம் கூடிய புதிய ஒப்பந்தங்கள் திணிக்கப்பட்டன, வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. அலகின் விலை குறைவதற்கும் விரிவுரையாளரின் வேலைநாள் நீள்வதற்கும் உள்ள தொடர்பை விளக்க வேண்டியதில்லை.

ஒரு கோட்பாட்டு நுணுக்கத்தை இவ்விடத்திற் குறிப்பிடல் அவசியம். கல்வித் தொழிற்சாலையில் முதலிடும் உரிமையாளனுக்கு ஆசிரியன் உபரிமதிப்பை உற்பத்தி செய்கிறான் என மார்க்ஸ் எடுத்துக்காட்டியதை நம்மவர் சிலர் எல்லாக் கல்வி நிறுவனத்துக்கும் பொருத்திவிடுகின்றனர். அரச நிதியில் இயங்கும் கல்லூரிக்கு உரிமையாளன் இல்லை. அங்கே உபரிமதிப்பு உற்பத்தியாவதில்லை. ஆயினும் நிதிச்சூத்திரம் அக்கல்லூரியை, சரக்கு உற்பத்தி செய்யும் நிறுவனம்போலவே சராசரிச் செலவின் ஒழுக்கத்துக்கு உட்படுத்துகிறது. அருகிலே தனியார் பயிற்சி நிறுவனமொன்றும் அதே அலகுக்கு அதே விலை பெறும்போது இவ்வொழுக்கம் மேலும் இறுகுகிறது.

5

2011 இல் பேராசிரியர் அலிசன் வுல்ஃப் அரசுக்குச் சமர்ப்பித்த அறிக்கை அலகுமுறையின் ஒரு விளைவை வெளிக்கொணர்ந்தது. தகைமையொன்றுக்கு இவ்வளவு என நிதி வழங்கப்பட்டமையால், உழைப்புச் சந்தையில் மதிப்பற்ற எளிய சான்றிதழ்களை மாணவர்மீது அடுக்குவதே கல்லூரிக்கு இலாபகரமாயிற்று. புள்ளடியிட்ட சான்றிதழ் அச்சிட்ட சான்றிதழாக மீண்டு வந்திருந்தது. தகைமைக்கன்றி மாணவனுக்கு நிதி வழங்கவேண்டும் என்ற அவரது பரிந்துரை, 16 முதல் 19 வயதுவரை கற்போருக்கு 2013/14 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. அடிப்படையில் இன்றுவரை நிலைக்கும் இச்சூத்திரத்தைச் சற்று நிதானமாக நோக்குவோம்.

முதலில் தலைகள் எண்ணப்படுகின்றன. எண்ணப்படுவது பொதுவாகச் சென்ற ஆண்டின் மாணவர் தொகையாகும். நீண்ட கற்கையிற் சேர்ந்தவன் 42 நாள் நிலைத்தாலே எண்ணிக்கையுட் சேர்வான். அத்தொகை தேசிய வீதத்தாற் பெருக்கப்படும். ஆண்டுக்கு 540 மணித்தியாலத்துக்குக் குறையாது கற்பவனுக்கு வீதம் 4,000 பவுண் என வைக்கப்பட்டது. பணவீக்கம் ஏறிச்சென்றும் இத்தொகை 2019/20 வரை அசையாமலே நின்றது. 450 முதல் 539 மணித்தியாலம் வரை அப்போது 3,300 பவுணாக இருந்தது. அதாவது 540 ஆவது மணித்தியாலம் ஒன்றே 700 பவுண் பெறுமதியாயிருந்தது! கால அட்டவணை தயாரிப்போர் அந்த மணித்தியாலத்தை மறப்பார்களா?

அடுத்து, நிலைத்திருத்தற் காரணி. கற்கையின் முடிவுவரை நில்லாத மாணவன் அரை மாணவனாகக் கணிக்கப்படுவான். ஆயிரம் பேருள் நூறு பேர் இடையில் விலகினால் காரணி 0.95 ஆகும். அதன்பின் கற்கைச் செலவு நிறை. வகுப்பறையும் பலகையும் போதுமான பாடத்துக்கு 1. பட்டறையும் பொருளும் வேண்டும் பாடங்களுக்கு அவ்வாண்டில் 1.2 அல்லது 1.3, விவசாயம்போன்ற நிலஞ்சார் கற்கைகளுக்கான சிறப்பு நிறுவனங்களுக்கு அவ்வாண்டில் 1.6. நமது ஆயிரம் மாணவரின் கற்கைகளுக்குச் சராசரி நிறை 1.2 எனக் கொண்டால், 1,000 ஐ 4,000 ஆலும், 0.95 ஆலும், 1.2 ஆலும் பெருக்க 45 இலட்சத்து 60 ஆயிரம் பவுண் வரும். இதன்மேல், வறிய பிரதேசத்து மாணவருக்கும், ஆங்கிலத்தில் அல்லது கணிதத்திற் பதினாறு வயதுப் பரீட்சையிற் போதிய தரம் பெறாதோருக்கும் மேலதிகத் தொகை சேரும். பின்னது அப்போது பாடமொன்றுக்கு 480 பவுணாக இருந்தது. இறுதியாக, இலண்டன்போன்ற செலவு கூடிய பிரதேசங்களுக்கான உயர்வு.

1862 இன் முறையோடு ஒப்பிடுமிடத்து இது நுட்பமானது, சில விடயங்களில் நியாயமானதுங்கூட. வறுமையைச் சூத்திரம் காண்கிறது. பட்டறையின் செலவையும் காண்கிறது. எல்லாம் அச்சிற் கிடப்பதால் விரிவுரையாளர் சங்கமொன்று ஒவ்வொரு எண்ணையும் சுட்டி வாதிட முடிகிறது. பழைய 'வழக்க' ஒதுக்கீட்டில் அது முடிந்திருக்காது. ஆனால் நிறைகளை நோக்குக. கடைசல் இயந்திரத்தின் முன் ஒரு பயிற்றுநர் பத்துப்பேரையா, பதினெட்டுப் பேரையா மேற்பார்வை செய்கிறார் என்று சூத்திரம் கேட்பதில்லை. தலைக்கு ஒரே தொகை. குழு பெரிதானால் மிச்சம். 0.3 என்ற மேலதிக நிறை கருவியின் தேய்மானத்தையும் இரும்பின் விலையையும் பாதுகாப்பையும் உண்மையில் ஈடுசெய்கிறதா என்பது கல்லூரியின் தலைவலி. ஈடுசெய்யாவிடின் பட்டறை மூடப்படும். வகுப்பறைக் கற்கை திறக்கப்படும். மாணவன் தன் விருப்பப்படி தேர்ந்தான் எனப் பதிவேடு கூறும். 1859 இல் ஆய்வுகூடத்துக்கும் மனனத்துக்கும் இடையில் நிகழ்ந்தது இதுவே.

2014/15 இல் இச்சூத்திரத்தில் ஒரு சிறிய திருத்தம் செய்யப்பட்டது. ஆண்டுத் தொடக்கத்திற் பதினெட்டு வயது நிரம்பியோருக்கான முழுநேர வீதம் 17.5 வீதம் குறைக்கப்பட்டு 3,300 பவுணாயிற்று. அவ்வயதினர் ஏற்கெனவே இரண்டாண்டு கற்றவர்கள், அவர்களுக்கு அவ்வளவு போதனை நேரம் வேண்டியதில்லை என்பது கூறப்பட்ட காரணம். பதினெட்டு வயதிலும் கல்லூரியில் இருப்பவன் யார்? உயர்தரப் பரீட்சையை இரண்டாண்டில் முடித்தவன் அப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பான். பதினாறு வயதுப் பரீட்சையிற் பின்தங்கி, ஓராண்டு கீழ்மட்டக் கற்கையிற் தொடங்கி, மூன்றாம் ஆண்டிலேயே குழாய்வேலையோ மின்னிணைப்போ வாகனத் திருத்தமோ முடிக்கவிருக்கும் தொழிலாளியின் பிள்ளையே பெரும்பாலும் அங்கே இருந்தான். கணிதத்திற் தவறியிருந்தால் அவன் பெயருக்கு எதிரே ஒரு பத்தியில் 480 பவுண் கூட்டப்பட்டது. பதினெட்டு வயது நிரம்பிய காரணத்தால் அடுத்த பத்தியில் 700 பவுண் கழிக்கப்பட்டது.